ஆர்.எஸ்.வி. வைரஸின் மரபணு வேறுபாட்டை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைக்குழந்தைகளை மூச்சிரைப்போடு மருத்துவமனையில் சேர்க்க வைக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸில் ஏ, பி என இரண்டு துணைவகைகள் உண்டு. எது ஓங்கி நிற்கிறது என்பது ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே ஒரே பருவத்து மாதிரிகளை வைத்து "இந்த வட்டாரத்தில் ஏ வகைதான்" என்று எழுதிவிடக் கூடாது.

கென்யக் கடலோரத்துக் கிலிஃபியில் ஆண்டுக்கணக்கில் விடாமல் மாதிரி எடுத்தார்கள். அதனால்தான் 2012இல் ஓ.என்.1 என்ற புதிய ஏ வகை அங்கே நுழைந்ததும், அது வெளியிலிருந்து பலமுறை வந்து சேர்ந்ததும் தெரிந்தது. வீடு வீடாக நடந்த ஆய்வில், பள்ளிக்குப் போகும் அண்ணன் அக்காக்கள் மூலமே பல கைக்குழந்தைகளுக்குத் தொற்று வந்தது தெரியவந்தது. வார்டில் படுத்திருக்கும் குழந்தையிடம் மட்டும் மாதிரி எடுத்தால் இந்தச் சங்கிலி கண்ணில் படாது.

அடுத்த தவறு சத்தமில்லாமல் நடப்பது. ஓ.என்.1இன் அடையாளமே, வைரஸின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை உருவாக்கும் ஜி மரபணுவில் 72 எழுத்துகள் (மரபணு வரிசையின் அடிப்படை அலகுகள்) இரட்டித்திருப்பதுதான். பி வகையின் பி.ஏ. பிரிவில் 60 எழுத்துகள். 1961இல் பிரித்தெடுத்த ஏ2 வைரஸில் இந்த இரட்டிப்பு கிடையாது. அதை ஒப்பீட்டு வரிசையாக வைத்து, கருவி படித்துத் தரும் சிறு துண்டுகளான ரீடுகளைப் பொருத்தினால், மென்பொருள் அந்த 72 எழுத்துகளையும் ஓசைப்படாமல் வெட்டி எறிந்துவிடும். இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் 144 எழுத்து. 150 எழுத்து ரீடு அதைத் தாண்டி ஒட்டிக்கொள்ள 6 எழுத்துதான் மிச்சம். எனவே துணைவகையை முதலில் உறுதிசெய்து, அண்மைக்கால வரிசையோடு பொருத்துங்கள். ஜி மரபணுவை மட்டும் தனியே கண்ணால் பாருங்கள்.

பி.சி.ஆர். சோதனை தரும் சி.டி. மதிப்பு கூடக் கூட மாதிரியில் வைரஸ் குறைவு என்று பொருள்; அது 30ஐத் தாண்டிய மாதிரிகளின் வரிசையில் படிக்க முடியாத ஓட்டைகள் விழும். அந்த ஓட்டையை ஒப்பீட்டு வரிசையின் எழுத்துகளால் நிரப்பாமல், தெரியாத எழுத்தைக் குறிக்கும் 'N' என்றே விடுங்கள்; நிரப்பினால் வேறுபாடு குறைவாகத் தோன்றும்.

செலவு மிச்சம் என்று ஜி மரபணுவின் கடைசி 300 எழுத்துகளை மட்டும் படிப்பதும் போதாது. அவ்வளவு சிறிய துண்டில் ஓர் ஆண்டு முழுக்க ஒரு மாற்றம்கூட வராமல் போகலாம். சுமார் 15,200 எழுத்துள்ள முழு மரபணுத்தொகுதியிலோ ஆண்டுக்குப் பத்து போல வரும். வெவ்வேறு வழியில் வந்த இரண்டு வைரஸ்களை அந்தத் துண்டு ஒன்றாகவே காட்டும்.

அதைவிட முக்கியம், தடுப்பூசிகளும் நோயெதிர்ப்பு மருந்துகளும் குறிவைப்பது, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதத்தை. சுப்டாவுமாப் மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றதற்கு, பி வகையின் எஃப் புரதத்தில் 172, 173ஆம் இடங்களில் நேர்ந்த இரண்டே மாற்றங்கள் காரணம். கைக்குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. வராமல் தடுக்கும் நிர்செவிமாப் மருந்தைப் போடும் ஊர்களில் எஃப் மரபணுவைப் படிக்காமல் ஆய்வை முடிக்காதீர்கள்.