பாப் டிலன் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறீர்களா?

அமெரிக்கப் பாடகர் டிலனின் அறுபதுகளின் புகழ்பெற்ற பாட்டான ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ கேட்கவேண்டும், கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக அந்தப் பழைய டிலனைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு மட்டும் போவதாக இருந்தால், தயவுசெய்து அந்த ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2024 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் மூன்று இரவு பாடினார், அதில் ஓர் இரவுக்கு நானும் சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் போனோம். கல்லூரிக் காலத்தில் டிலன் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவர் சித்தப்பா. இரண்டாவது பாட்டு பாதி ஓடியபிறகு என் காதருகே குனிந்து, “இது எந்தப் பாட்டுடா?” என்று கேட்டார். ‘இட் எய்ன்ட் மீ, பேப்’. அவருக்கு வரிக்கு வரி மனப்பாடமான பாட்டு அது!

அவருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும், அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் மெல்லிசைக் கச்சேரி என்றால் “அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்தது” என்பதுதான் பெரிய பாராட்டு. அந்தக் காதோடு டிலனிடம் போகக்கூடாது. மெட்டு, தாளம், வேகம், சில சமயம் வரிகள் என எல்லாவற்றையும் மாற்றிவிடுவார், பல வருடங்களாக இதைத்தான் செய்துவருகிறார். நாட்டுப்புறப் பாடகராகப் பெயர் வாங்கியவர் 1965-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கிட்டாரோடு ஏறியபோதே கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அடுத்த வருடம் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் “யூதாஸ்!” (துரோகி என்ற பொருளில்) என்று கத்தியது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. (அந்தப் பதிவு ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்று ரொம்ப காலம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) 1988 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தை, கொரோனா காலத்தைத் தவிர, பெரிய இடைவெளி இல்லாமல் நடத்திவந்திருக்கிறார். இத்தனை இரவுகள் ஒரே மாதிரி பாடியிருந்தால் அந்தப் பாட்டுகள் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்பது என் கட்சி.

சரி, தயாரிப்புக்கு வருவோம். முதல் வேலை, ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ என்ற 2020 ஆல்பத்தைக் குறைந்தது பத்துத் தடவையாவது கேட்பது. பின்னணியில் ஓடவிட்டுச் சமைக்காதீர்கள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் போன இரவு பாடிய 17 பாட்டில் 9 அந்த ஆல்பத்திலிருந்து வந்தவை. கடைசியில் இருக்கும் ஏறக்குறைய 17 நிமிடப் பாட்டை மட்டும் மேடையில் எதிர்பார்க்கவேண்டாம். அப்புறம் ‘ஷேடோ கிங்டம்’ என்ற 2023 ஆல்பம். பழைய பாட்டுகளை எண்பதை ஒட்டிய வயதில் அவர் எப்படித் திருப்பிப்போட்டிருக்கிறார் என்பது அதில் தெரியும், மேடையில் கேட்கப்போவதற்குக் காது பழகிவிடும். சித்தப்பாவுக்கு இதைக் கேட்கவைக்காமல் அழைத்துப்போனது என் தவறு. முந்தைய நாள் கச்சேரிகளில் என்னென்ன பாடினார் என்ற பட்டியல் அவருடைய அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைக்கும். எதிர்பாராமல் கேட்கும் சுகம் போய்விடும் என்று சிலர் பார்க்கமாட்டார்கள், நான் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் எந்தப் பாட்டு என்று முன்பே தெரிந்திருந்தாலும் அது எப்படி வரப்போகிறது என்பது தெரியாது.

டிக்கெட்டை அரங்கத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். தேடினால் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி ஒரு மறுவிற்பனைத் தளத்தில் நான் ஒருமுறை பணத்தைத் தொலைத்திருக்கிறேன், டிக்கெட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பலர் பாடும் திறந்தவெளி விழாவும் அவர் தனியாக நடத்தும் அரங்கக் கச்சேரியும் உங்கள் முன் இருந்தால் அரங்கத்தையே எடுங்கள். விழாவில் அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, கூட்டத்தின் கவனமும் சிதறும்.

எந்த இருக்கை என்பதில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பெரும்பாலும் அவர் பியானோவுக்குப் பின்னால்தான் இருப்பார். பெரிய திரை கிடையாது, வெளிச்சமும் மங்கல். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பியானோவும் தலைமுடியும் மட்டும் தெரிகிற இடங்கள் உண்டு, ‘பார்வை மறையும் இருக்கை’ என்று போட்டிருந்தால் விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் பின்னால், ஆனால் நேர் எதிரில், சற்று உயரத்தில் கிடைத்தால் அதுவே நல்ல இடம். சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்துப்போங்கள்.

போன் விஷயம் முக்கியம். வாசலிலேயே உங்கள் போனை ஒரு பையில் போட்டுக் காந்தப் பூட்டால் ‘டிக்’ என்று பூட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பை உங்களிடமே இருக்கும், திறக்கத்தான் முடியாது, வெளியே போகும்போது அவர்களே திறந்துவிடுவார்கள். அவசரம் என்றால் ஹாலுக்கு வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில் திறந்துகொள்ளலாம். ஆகவே இருக்கை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கைக்கடிகாரம் கட்டுங்கள், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்துவிடுங்கள், கூட வருபவரைத் தவறவிட்டால் எந்த வாசலில் நிற்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவைப் போனில் பார்ப்பவர்கள் அரங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது. எனக்கு இந்தப் பை ரொம்பப் பிடித்திருந்தது. ஐயாயிரம் பேர் இருக்கும் வட்ட அரங்கில் ஒரு திரைகூட ஒளிரவில்லை, எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

சரியான நேரத்துக்குப் போய்விடுங்கள். நாங்கள் போன இரவு முன்னால் பாட வேறு யாரும் இல்லை, நேராக அவரே வந்தார். வணக்கம், எப்படி இருக்கிறீர்கள் என்ற பேச்செல்லாம் கிடையாது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் மாலை முழுக்கக் கசப்பாகவே போகும்.

பாட்டை அடையாளம் கண்டுபிடிக்க நான் கையாளும் வழி இதுதான்: மெட்டை மறந்துவிட்டுச் சொல்லைப் பிடியுங்கள். முதல் வரியில் ஒரு பெயரோ ஒரு பொருளோ காதில் விழுந்தால் போதும். வரியைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்து, கடைசி மூன்று நாலு சொல்லை ஒரே மூச்சில் கொட்டிவிடுவார், அந்த இழுவைக்குப் பழகவே மூன்று பாட்டு ஆகும். பழகிவிட்டால் எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்கிறார் என்பது தெரிய ஆரம்பிக்கும், பாட்டின் அர்த்தமே இடம் மாறும். இடையில் பைனாகுலரை பாஸ் கிட்டார் வாசிக்கும் டோனி கார்னியர் பக்கம் திருப்புங்கள். 1989-இலிருந்து கூடவே இருப்பவர், ஆனாலும் டிலனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவ்வளவு அனுபவசாலியே அடுத்து என்ன வரும் என்று கவனித்துக்கொண்டிருக்கும்போது, நமக்குப் புரியவில்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

கூடவே பாடாதீர்கள். பாடவும் முடியாது, உங்கள் வரி அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கோட்டைத் தேடி எழுந்துவிடாதீர்கள். ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் சேண்ட்’, 1981-இல் வந்த பாட்டு. அன்று அதன் முடிவில் மவுத் ஆர்கனை எடுத்தார். 83 வயது மனிதரின் மூச்சு, முதல் சுரம் கொஞ்சம் பிசிறி, அப்புறம் நிமிர்ந்து நின்றது. எனக்கு முன்வரிசைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பா இரண்டு கையாலும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தார். அது முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினோம், விளக்கு போட்டுவிட்டார்கள். திரும்ப வந்து இன்னொரு பாட்டு பாடுவார் என்று காத்திருக்கவேண்டாம்.

வெளியே போனைத் திறந்ததும் உடனே பழைய பதிவைப் போட்டு ஒப்பிடத் தொடங்காதீர்கள், இரண்டு நாள் போகட்டும். சவுத் கென்சிங்டன் ரயில் நிலையம்வரை ஒரு பத்து, பதினைந்து நிமிடம் நடக்கவேண்டும். சித்தப்பா குளிரில் கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். படிக்கட்டு இறங்கும்போது, “அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை பாடியிருக்கலாம்டா, இப்போதான் புரியுது” என்றார்.