ஐந்து முறை எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஆர் மென்பொருளில் ஒரு சிமுலேஷன்

20 பேரின் தரவு வந்ததும் ஒட்டுறவுக் கெழுவுக்கு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று −1 முதல் 1 வரை காட்டும் எண்) ஒரு சோதனை. பி-மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வரவில்லையா? இன்னும் 20 பேர், மறுபடி சோதனை. இப்படி 100 பேர் வரை போனால் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வாதம் செய்வதைவிட ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது சுலபம்.

படி 1: தரவு. செட்.சீட் (set.seed, மறுபடி ஓட்டினாலும் அதே எண்கள் வர) கொடுத்துவிட்டு, ஆர்நார்ம் (rnorm, இயல்நிலைப் பரவலில் தற்செயல் எண்கள் தரும் கட்டளை) மூலம் எக்ஸ் என்று 100 எண்களும், ஈ என்று தனியாக 100 எண்களும் எடுங்கள். எக்ஸை ரோவாலும் (நாமே வைக்கும் உண்மையான கெழு), ஈயை (1 − ரோ²)-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கிக் கூட்டினால் ஒய். ரோ 0.6 என்றால் ஈயைப் பெருக்கும் எண் 0.8. முதல் ஓட்டத்துக்கு ரோ 0, அதாவது தொடர்பே இல்லை.

படி 2: ஃபார் லூப் (for, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி). 20, 40, 60, 80, 100 என்று ஒவ்வொரு கட்டத்திலும் முதல் அத்தனை எக்ஸ்-ஒய் ஜோடிகளை மட்டும் கார்.டெஸ்டுக்குக் (cor.test, கெழுவைச் சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே போனதும் அப்போதைய எண்ணிக்கையையும் கெழுவையும் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். கவனம்: ஆர்நார்ம் லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். 40 பேரில் பழைய 20 பேரும் அடக்கம். ஒவ்வொரு தடவையும் புதுத் தரவு எடுத்தால் ஐந்தும் தனித்தனிச் சோதனைகளாகி, பிழை (இல்லாத தொடர்பை 'உண்டு' என்பது) 22.6 சதவீதத்துக்கு எகிறும். அது வேறு கணக்கு.

படி 3: இது முழுவதையும் ரெப்ளிகேட்டில் (replicate, திரும்ப ஓட்டும் கட்டளை) 10,000 முறை. இல்லாத தொடர்பை 'உண்டு' என்று சொன்னவை ஏறக்குறைய 14 சதவீதம் வரும். நாம் நினைத்திருந்தது 5. (1,000 முறை மட்டும் ஓட்டினால் விடை ஒரு சதவீதம் அப்படி இப்படி ஆடும்.)

படி 4: எல்லையை மாற்றுங்கள். இப்படி ஐந்து முறை எட்டிப் பார்ப்பதற்கு 1977-இல் புள்ளியியலாளர் போக்காக் தந்த பி-மதிப்பு எல்லை 0.0158. லூப்பில் 0.05 இருந்த இடத்தில் இதைப் போட்டால் பிழை மறுபடி 5 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

படி 5: இப்போது ரோ 0.3, எல்லை அதே 0.0158. பல ஓட்டங்கள் 100-க்கு முன்பே நின்றுவிடும். ஆள் மிச்சம், செலவு மிச்சம். சரி, அப்புறம் நின்ற கட்டம் வாரியாகக் கெழுவின் சராசரியைப் பாருங்கள். 20 பேரில் பி-மதிப்பு இந்த எல்லைக்குக் கீழே போக கெழு சுமார் 0.53 இருந்தாக வேண்டும். ஆகவே அங்கேயே நின்ற ஓட்டங்கள் எல்லாமே, உண்மை 0.3-ஆக இருக்க, அதைப் பெரிதாகவே காட்டும். போக்காக் எல்லை தவறான 'உண்டு'களைத்தான் அடக்கும். இந்த மிகையை அது தொடுவதில்லை.