ரிசல்ட்டை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காட்பாடியில் என் வீட்டுக்கு ஓர் இளம் ஆசிரியர் மடிக்கணினியோடு வந்தார். எம்.எட். ஆய்வேடு எழுதுகிறார். பள்ளியின் வகையும் வகுப்பில் உள்ள மாணவர் எண்ணிக்கையும் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை எப்படிப் பாதிக்கின்றன என்பது தலைப்பு. எக்செல் அட்டவணை ஜோராக இருந்தது. அரசுப் பள்ளிக்கு நீலம், உதவி பெறும் பள்ளிக்குப் பச்சை, மெட்ரிக்குக்கு ஆரஞ்சு. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. 2004இல் என் எம்.எட்.டுக்காக நான் போட்ட அட்டவணையே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அப்போது வண்ணம் கிடையாது, அவ்வளவுதான்.

கூட்டல் பிழை, தட்டச்சுப் பிழை எல்லாம் வழிகாட்டிப் பேராசிரியரே சுழித்துக் கொடுத்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி அச்சுக்குப் போய்விடும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் இந்த ஒப்பீட்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், முதலில் வந்த அரியலூர் 97.31, கடைசியாக வந்த வேலூர் 82.07. ரிசல்ட் வந்த அன்று மாலையே டீக்கடையில் எல்லோரும் கல்வியாளர் ஆகிவிட்டார்கள். அதே ஆண்டு மாநில அளவில் அரசுப் பள்ளிகள் 87.90, உதவி பெறும் பள்ளிகள் 91.77, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 97.43. இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “தனியாரில்தான் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்” என்று முடித்துவிடுகிறோம். சொல்லிக் கொடுப்பதைப் பற்றி அந்த எண்களில் ஒரு வார்த்தைகூட இல்லை.

பழைய வேலூரையும் புது வேலூரையும் ஒரே கோட்டில் வரைவது

1989 வரை வட ஆற்காடு. அப்புறம் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2018இன் வேலூரில் அரக்கோணமும் உண்டு, வாணியம்பாடியும் உண்டு. 2024இன் வேலூரில் இரண்டும் இல்லை. “வேலூர் சரிந்துவிட்டது” என்று எழுதுவதற்கு முன் இன்றைய எல்லைக்குள் இருக்கும் பள்ளிகளை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் போங்கள்.

2020, 2021 ஆண்டுகளைச் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. எல்லோரும் பாஸ்.

எழுதியவர்களை மட்டும் எண்ணுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. கோபம் முதலில் என் மேல்.

2004இல் குடியாத்தத்திலிருந்து ஆற்காடு வரை பஸ்ஸில் அலைந்து பள்ளிகளின் ரிசல்ட் எடுத்தேன். அப்போது மெட்ரிக்குக்குத் தனித் தேர்வு, மொத்தம் 1100 மதிப்பெண். எஸ்.எஸ்.எல்.சி.க்கு 500. இரண்டையும் சதவீதமாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்த மேதை நான். வெவ்வேறு பாடத்திட்டம், வெவ்வேறு வினாத்தாள் என்பது உறைக்கவே இல்லை. (சமச்சீர்க் கல்வி வந்து, 2012இல்தான் எல்லோரும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்.) அதையாவது மன்னித்துவிடலாம். நான் செய்த பெரிய தவறு, பள்ளி கொடுத்த “தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர்” என்ற இரண்டு பத்திகளை அப்படியே வாங்கி வகுத்தது. ஒரு மெட்ரிக் பள்ளி நூற்றுக்கு நூறு. வகுப்பும் சிறியது. சின்ன வகுப்பு, தனியார் நிர்வாகம், முழுத் தேர்ச்சி என்று முடிவுரையில் அடித்து எழுதினேன்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். என் தங்கை அப்போது குடியாத்தத்தில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கைலி நெசவு. பையனை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கலாம் என்று என்னைக் கேட்டாள். ஆய்வு செய்தவன் அல்லவா, அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னேன். கம்மலும் செயினும் அடகுக் கடைக்குப் போயின. நான்கு வருடம் ஃபீஸ் கட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பையனுக்குக் கணக்கு வராது, பத்தாவதில் பள்ளியின் ரிசல்ட் கெட்டுவிடும், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.

“அண்ணா, நீ சொன்னதாலதானே அங்க சேர்த்தேன்” என்று தங்கை ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பையன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு சேர்ந்தான். புதுப் புத்தகம், தமிழ் வழி, பத்தே மாதம். மார்ச்சில் கணக்கு போய்விட்டது. ஜூன் துணைத் தேர்வில் எழுதி எடுத்துவிட்டான். ஆனால் மார்ச் ரிசல்ட்டில் அவன் தோல்வி அரசுப் பள்ளியின் பத்தியில் ஏறியது. அவனை நான்கு வருடம் வைத்திருந்து கணக்குச் சொல்லித் தராத பள்ளி அந்த ஆண்டும் வாசலில் நூறு சதவீதம் பேனர் கட்டியது. ஃபீஸ் ஒரு இடத்தில், ஃபெயில் இன்னொரு இடத்தில்.

அதற்கு அடுத்த ஆண்டு நான் மாற்றலாகிப் போன பள்ளியின் தலைமை ஆசிரியர் மேசையிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் போட்டார். “தம்பி, பத்தாவதுல சேர்ந்த பசங்க பக்கத்த மட்டும் புரட்டுங்க.” கடைசியாகப் படித்த பள்ளி என்று அதில் ஒரு பத்தி உண்டு. சுற்றுவட்டாரத்தில் நூறு சதவீதம் காட்டும் பள்ளிகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. ஆய்வுக்கு ஐந்து மாதம் அலைந்தவன் அந்தப் பத்தியை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பில் இது நடக்கிறது? எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். பத்தில் பொதுத்தேர்வு. சல்லடை போட நடுவில் இருக்கும் ஒரே வருடம் ஒன்பது.

கணக்குக்காக இரண்டு பள்ளிகளை வைத்துப் பார்ப்போம். தனியார் பள்ளியில் ஒன்பதில் 60 பேர். 12 பேருக்கு டி.சி. மீதி 48 பேர் எழுதி 48 பேரும் பாஸ். நூறு சதவீதம். அரசுப் பள்ளியில் ஏற்கெனவே 70 பேர், அதில் 63 பேர் பாஸாகக் கூடியவர்கள். வந்து சேர்ந்த 12 பேரில் 5 பேர் தேறினார்கள். 82க்கு 68, அதாவது 82.9 சதவீதம். பேனருக்கும் இதற்கும் 17 புள்ளி இடைவெளி. இப்போது அந்த 12 பேரைப் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்புங்கள். அங்கேயும் 5 பேர்தான் தேறுவார்கள் என்றால் 60க்கு 53, 88.3 சதவீதம். அரசுப் பள்ளி 70க்கு 63, சரியாக 90. பாடம் நடத்தியதில் யாரும் எதையும் மாற்றவில்லை. பன்னிரண்டு பேர் தெருவைக் கடந்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாத் தனியார் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கடைசி மாணவன்வரை வைத்துக்கொண்டு, மாலையில் விளக்குப் போட்டுப் படிக்க வைக்கும் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களை மட்டும் எண்ணினால் அந்த நல்ல பள்ளியும் மற்றதும் ஒரே ஆரஞ்சுப் பெட்டியில் ஒன்றாகத் தெரியும். அந்தப் பள்ளிக்கு இதைவிட அநியாயம் உண்டா?

அரசுப் பள்ளிகளான நம் பக்கமும் சுத்தம் இல்லை. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழித்தாளுக்கு மாநிலம் முழுக்க 50,000க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. அந்த ஆண்டின் தேர்ச்சி 94.03 சதவீதம் என்பது எழுதியவர்களுக்குள் போட்ட கணக்கு. பெயர்ப்பட்டியலில் இருந்துகொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்ட பையன் எந்த சதவீதத்திலும் இல்லை.

என்ன செய்யலாம்? எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் எத்தனை பேர், ஒன்பதில் எத்தனை பேர், டி.சி. வாங்கியவர் எத்தனை, வெளியிலிருந்து வந்தவர் எத்தனை, பத்தாவது பெயர்ப்பட்டியலில் எத்தனை, ஆப்சென்ட் எத்தனை, தேர்ச்சி எத்தனை. ஏழு பத்திகள். இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள தனி எண்) இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனார் என்று தலைமை ஆசிரியரால் பார்க்க முடியும். மாணவர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். நாங்கள் பஸ்ஸில் போய்ப் பதிவேட்டைப் புரட்டிய காலம் இது இல்லை.

‘தனியார்’ என்று ஒரே பெட்டி, ‘அரசு’ என்று ஒரே பெட்டி

ஜவ்வாது மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் வேலூர் நகரத்துக்குள் இருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் ஒரே நீலப் பெட்டியில் வருகின்றன. பேரணாம்பட்டு உருது வழிப் பள்ளியும் நூறாண்டு கண்ட மிஷன் பள்ளியும் ஒரே பச்சையில். பள்ளி வகை என்பது நிர்வாகத்தின் பெயர். வீட்டில் என்ன மொழி, அம்மா எதுவரை படித்தவர், மாலையில் பையன் பீடிக்கு இலை வெட்டுகிறானா என்பதெல்லாம் அதில் தெரியாது. ஆண், பெண் கணக்கைக்கூடப் பிரிக்காமல் விடுகிறார்கள். 2024இல் மாநில அளவில் பெண்கள் 94.53, ஆண்கள் 88.58. ஆண்கள் பள்ளியைப் பெண்கள் பள்ளியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வருவதில் என்ன ஆச்சரியம்?

வீட்டுப் பின்னணியை விலக்கிவிட்டுப் பள்ளியை மட்டும் பார்ப்பது எப்படி என்று கேட்டால், கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா, அங்கே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 2008இல் தொடங்கி 180 கிராமங்களில் நடந்த ஆய்வு அது. தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை வேண்டும் என்று விண்ணப்பித்த குடும்பங்களில் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசை இரண்டு பக்கமும் ஒன்று, அதிர்ஷ்டம் மட்டும் வேறு. நான்கு வருடம் கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியாரில் படித்தவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் மேடையில் சொல்வார்கள்.

டியூஷனைக் கேட்காமல் விடுவது

பள்ளியின் ரிசல்ட்டில் டியூஷனின் பங்கும் கலந்திருக்கிறது. நம்பாவிட்டால் வேலூர் சத்துவாச்சாரியில் மாலை ஆறு மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்கள்.

ஆசிரியர் விகிதத்தை வகுப்பறை அளவு என்று எழுதுவது

மொத்த மாணவர்களை மொத்த ஆசிரியர்களால் வகுத்தால் 1:32 வரும். உடற்கல்வி ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் அதில் அடக்கம். கணக்கு ஆசிரியர் பணியிடம் ஜூன் முதல் நவம்பர் வரை காலி என்றால் இரண்டு பிரிவையும் சேர்த்து ஒரே அறையில் 70 பேரை உட்கார வைத்திருப்பார்கள். காகிதத்தில் அப்போதும் 1:32தான். அறைக்குள் போய் பெஞ்சை எண்ணுங்கள். பெஞ்சுக்கு எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள்.

சின்ன வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காதது

காட்பாடிக்கு வந்த தம்பிக்கு இதில்தான் தூக்கம் போயிருந்தது. அவர் கணக்குப்படி பெரிய வகுப்புகளின் மதிப்பெண் அதிகம், சின்ன வகுப்புகளின் மதிப்பெண் குறைவு. “சார், கூட்டம் அதிகமா இருந்தா நல்லா படிக்கிறாங்களா?” என்று கேட்டார். பாவம், தூங்கி மூன்று நாள் ஆகியிருக்கும்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ‘ஏ’ பிரிவில் 58 பேர், ‘சி’ பிரிவில் 22 பேர். ‘சி’ பிரிவு மெல்லக் கற்போருக்கு என்று நாங்களே பிரித்தது. மதிப்பெண் குறைவாக இருந்ததால்தான் அந்த வகுப்பு சின்னதாக இருந்தது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்டால் கணினி ஒன்றும் சொல்லாது, மூன்று தசமத்துக்கு விடை கொடுத்துவிடும். நல்ல பெயர் எடுத்த பள்ளியில் சேர்க்கைக்கு வரிசை நிற்பதால் அங்கேயும் வகுப்பு பெரிதாகத்தான் இருக்கும்.

அதனால்தான் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு வருடம் குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகள் ஒரு பக்கம், 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகள் இன்னொரு பக்கம். சின்ன வகுப்பில் இருந்தவர்கள் மேலாகச் செய்தார்கள். ஆனால் அது மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை. அங்கே பெரிய வகுப்பு என்பதே நம் ஊரில் சின்ன வகுப்பு. அதை எடுத்து வந்து பத்தாம் வகுப்பில் 58ஐ 48 ஆக்கினால் இத்தனை மதிப்பெண் கூடும் என்று எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு வருட ரிசல்ட்டை நம்புவது

மலைப் பள்ளியில் 12 பேர் எழுதுகிறார்கள். ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சல் என்றால் 8.3 சதவீதம் போச்சு. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

தம்பி ஏழு பத்திகளையும் குறித்துக்கொண்டு போனார். நேற்று போன் செய்தார். இரண்டு அரசுப் பள்ளிகளிலும் ஒரு மெட்ரிக்கிலும் கேட்டவுடன் எண்ணிக்கை கொடுத்துவிட்டார்களாம். நான்காவது பள்ளியில் வாசல் பேனரைத் தாண்டி உள்ளே போய், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். கரஸ்பாண்டன்ட் ஊரில் இல்லை, அடுத்த மாதம் வாங்க என்றார்களாம்.