பீட்டா பிளாக்கர் மாத்திரையோடு வாழும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்களுக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலர் சொல்வது ஒரே மாதிரி இருக்கும்: உடம்பில் தெம்பே இல்லை, மாடி ஏறினால் கால் கனக்கிறது, விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. மெட்டோபிரோலால், பிசோபிரோலால், அட்டெனோலால், கார்வெடிலால் என்று பெயர் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரட்டாதபடி இந்த மாத்திரை தடுக்கிறது. துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குகின்றன, இதயத்தின் வேலைப்பளு குறைகிறது. சோர்வும் பெரும்பாலும் அதனால் வருவதுதான்.

"ரெண்டு நாள் நிறுத்திப் பார்ப்போமே" என்ற எண்ணம் இந்தச் சமயத்தில்தான் வரும். இருக்கிற தவறுகளிலேயே மோசமானது இது. அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களான பீட்டா ஏற்பிகளை மருந்து அடைத்து வைத்திருக்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை, ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று விட்டால் அத்தனை ஏற்பிகளும் அட்ரினலினுக்குத் திறந்து கிடக்கும். துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பும், ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும் மருத்துவர் ஒன்றிரண்டு வாரமாவது எடுத்து, படிப்படியாகத்தான் குறைப்பார். மாத்திரை தீர்ந்த பிறகு நாலு நாள் வாங்காமல் இருப்பதும், அறுவை சிகிச்சைக்கு முன் யாரையும் கேட்காமல் விடுவதும் இதே தவறுதான். ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்டவும் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எது வந்தாலும் "மாத்திரைதான், பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்வது. ஆரம்பச் சோர்வு பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும், உண்மைதான். ஆனால் இதயச் செயலிழப்புக்காக (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத நிலை) இதைப் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு பிசோபிரோலால் 1.25 மி.கி., கார்வெடிலால் 3.125 மி.கி. என்று மிகச் சிறிய அளவில் தொடங்கி, பொதுவாக இரண்டு வார இடைவெளிகளில் ஏற்றுவார்கள். அளவு கூடும்போது உடலில் நீர் தேங்கலாம். ஓரிரு நாளில் எடை மளமளவென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலும் அப்படியே. மயங்கி விழுந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தலைசுற்றலுக்குப் பல சமயம் நம் அவசரமே காரணம். படுக்கையிலிருந்து துள்ளி எழாமல், ஓரமாக ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் பாதிப் பிரச்சினை குறையும். கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறி அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை மெட்டோபிரோலாலை நசுக்குவதும் மெல்லுவதும் கூடாது. நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கும்.

கெட்ட கனவும் தூக்கக் கெடுதியும் வந்தால் சொல்லாமல் இருக்காதீர்கள். புரோபிரனலால், மெட்டோபிரோலால் போன்றவை கொழுப்பில் கரைபவை, மூளைக்குள் எளிதில் நுழையும். அட்டெனோலால் அவ்வளவாக நுழையாது. மாத்திரையை மாற்றவோ, போடும் நேரத்தை மாற்றவோ மருத்துவருக்கு வழி இருக்கிறது.

உடற்பயிற்சி செய்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு இலக்கை எட்டப் பார்ப்பார்கள். அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இந்த மாத்திரை போடுபவருக்குப் பொருந்தாது, துடிப்பு அவ்வளவு ஏறவே ஏறாது. நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

அடுத்தது, எடுக்கும் மற்ற மருந்துகளை மருத்துவரிடம் மறைப்பது. வெராபமில், டில்டியாசெம் என்ற வேறு வகை இதய மருந்துகள் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இபுபுரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகளும் சில மூக்கடைப்பு மருந்துகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடுவதுதானே என்று பலர் அதைச் சொல்வதே இல்லை. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. திடீரென்று வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் வாய் திறக்காத தாம்பத்தியப் பிரச்சினை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்கள் எல்லோருக்கும் அட்டெனோலால்தான் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் விறைப்புக் குறைவைச் சொன்னார்கள்; இந்தப் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே கேட்டவர்களில் சுமார் 31 சதவீதம். பயத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது தெளிவு. அதற்காக எல்லாமே மனப்பிரமை என்று ஒதுக்கவும் முடியாது. இதய நோயே காரணமாக இருக்கலாம், மருந்தை மாற்றினால் சரியாகவும் செய்யலாம். வெட்கப்பட்டுக்கொண்டு, விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதுதான் விபரீதம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும்.