லாவா வெட்டியதா, தண்ணீர் வெட்டியதா? கோள்களின் கால்வாய்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மேகம் இறங்கிவிட்டால் தொலைநோக்கிக்கு வேலை இல்லை. வானியலில் ஆர்வமுள்ள கல்லூரிப் பிள்ளைகள் அந்த மாலைகளில் மடிக்கணினியைத் திறந்து செவ்வாய், நிலா, வெள்ளிப் படங்களில் மூழ்கிவிடுகிறார்கள். படங்களும் இலவசம், அவற்றைப் பார்க்க உதவும் ஜேமார்ஸ் மென்பொருளும் இலவசம். நல்ல பழக்கம்தான். ஆனால் நெளிந்து போகும் ஒரு தடத்தைக் கண்டதும் ஐந்தே நிமிடத்தில் ‘இது ஆறு’, ‘இது லாவா’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் துறை ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த அதே கற்களில்தான் அவர்களும் தடுக்குகிறார்கள். அளவுகோலைக் கவனிக்காதது, வடக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காதது போன்றவை பழகப் பழகத் தானே சரியாகும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

நெளிந்தால் ஆறு என்று முடிவு கட்டுவது

நிலாவின் ஹாட்லி ரில் என்ற நெளிந்த பள்ளம் சுமார் 1.5 கிலோமீட்டர் அகலம், 300 மீட்டருக்கு மேல் ஆழம். படத்தில் பார்த்தால் அசல் ஆறுதான். அப்பல்லோ பயணங்களுக்கு முன்பு இப்படிப்பட்ட தடங்களைத் தண்ணீர் வெட்டியிருக்கலாம் என்று எழுதிய அறிவியலாளர்களும் உண்டு. 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அதன் விளிம்பில் நின்று 500 மில்லிமீட்டர் லென்ஸால் எதிர்ச் சுவரைப் படம் எடுத்தார்கள். அதில் தெரிந்தவை அடுக்கடுக்கான பசால்ட் படுகைகள், அதாவது லாவா உறைந்த பாறை. கொண்டுவந்த பசால்ட் கற்கள் ஏறக்குறைய 330 கோடி ஆண்டு பழையவை.

வளைவு என்பது ஓடிய பொருள் இளகலாக இருந்தது என்பதை மட்டும் சொல்லும். பார்க்க வேண்டியவை இரண்டு முனைகள். லாவாத் தடம் பெரும்பாலும் ஒரு குழியிலோ வெடிப்பிலோ முழு அகலத்தோடு தொடங்கும். போகப் போகக் குறுகி, ஆழம் குறைந்து, சமவெளியில் அடையாளமில்லாமல் கரைந்துபோகும். நிலாவின் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு அப்படித்தான். ஆறோ சிறு ஓடைகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே போகப் போக அகலும். முடிவில் சுமந்து வந்ததைக் கொட்டும். கேத்திப் பள்ளத்தாக்கில் கனமழை பெய்த மறுநாள் ஒரு கேரட் தோட்டத்தின் அடி வரப்பில் போய்ப் பாருங்கள்: மேலே விரல் அகல ஓடைகள் பல, நடுவில் ஒரே அரிப்பு, கீழே விசிறி போல விரிந்த செம்மண் படிவு. செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் டெல்டாவும் இதே வேலைதான். அதைத் தேடித்தான் 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கியது.

கிளை இல்லாததால் லாவா என்பது

இதற்கு நேர் எதிரான அவசரம் இது. செவ்வாயின் ஆரெஸ் வாலிஸ் (வாலிஸ் என்றால் பள்ளத்தாக்கு) போன்ற பெருவெள்ளத் தடங்களுக்குக் கிளையோடைகள் கிடையாது. இடிந்து குழம்பிய நிலத்திலிருந்து முழு உருவில் புறப்படும். நிலத்தடி நீர் மொத்தமாக உடைத்துக்கொண்டு வந்தால் கிளை எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பனிப்பாறை அணை உடைந்து வந்த வெள்ளம் பசால்ட் பீடபூமியையே கிழித்துப் போட்டது. 1923-ல் புவியியலாளர் ஹார்லன் பிரெட்ஸ் இது பெருவெள்ளத்தின் வேலை என்று சொன்னபோது, பல பத்தாண்டுகளுக்குப் பலர் ஏற்கவில்லை. பாறை லாவாவால் ஆனது, வெட்டியது தண்ணீர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வருவதுதான் அடுத்த தவறு.

தரையில் கிடப்பதை வைத்து வெட்டியது யார் என்று சொல்வது

அதிகம் விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் மறுபடி மறுபடி வருவதால் எரிச்சலும் இதில்தான் அதிகம். ஒருவர் மாதக்கணக்கில் வரைபடம் போட்டு, விண்கற்கள் விழுந்த சிறு பள்ளங்களை எண்ணி (பள்ளம் கூடினால் நிலம் பழையது), வயது கணித்து, அழகாக அறிக்கை எழுதியிருப்பார். அடிப்படைக் கேள்வியில் தவறியிருப்பதால் அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டியதாகும்.

செவ்வாயின் அதபாஸ்கா வாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். செர்பரஸ் வெடிப்புகள் என்ற நிலப் பிளவுகளில் தொடங்கி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடுகிறது. நடுவில் கண்ணீர்த்துளி வடிவத் தீவுகள். பெருவெள்ளத்தின் கையெழுத்து என்று சொல்லத்தக்கவை. அதே எலிசியம் வட்டாரத்தின் சமவெளியில் தட்டுத்தட்டாக உடைந்து விலகிய பரப்பைக் கண்டு, 2005-ல் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் படங்களை ஆராய்ந்த ஒரு குழு ‘உறைந்த கடல்’ என்று அறிவித்தது. பிறகு செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா ஒரு பிக்சலுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுத்த படங்கள் வந்தன. அதபாஸ்காவின் தரை முழுவதும் லாவாப் போர்வை என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. லாவா தடத்தை விளிம்புவரை நிரப்பி, பிறகு வடிந்து, மெல்லிய பூச்சை விட்டுப் போயிருக்கிறது.

இங்கே பிள்ளைகள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். தீவின் வடிவத்தைப் பார்த்தவர் தரையும் வெள்ளம் விட்டுச் சென்ற படிவு என்கிறார். தரையைப் பார்த்தவர் தடத்தையும் லாவாவே வெட்டியது என்கிறார். கடைசியாகக் குடியிருந்தவரே வீட்டைக் கட்டியவர் என்று யாரும் சொல்வதில்லையே! லாவாவே இந்தத் தடத்தை வெட்டியிருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அதற்குத் தனி ஆதாரம் தேடுகிறார்கள். தரையின் தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இது. அட்டவணையில் மூன்று பத்திகள் போடுங்கள்: வெட்டியது, நிரப்பியது, பின்னால் கலைத்தது. ஒவ்வொன்றுக்கும் பட எண்ணோடு தனி ஆதாரம் எழுதுங்கள். ஒரே ஆதாரத்தை இரண்டு பத்திகளில் எழுத நேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வெட்டியதற்கான ஆதாரத்தைச் சுவரிலும் தீவின் ஓரத்திலும் தேடுங்கள், தரையில் தேடாதீர்கள். சுவரில் பழைய அடுக்குகள் அறுபட்டுத் தெரிகின்றனவா? தரையின் பொருள் கரையைத் தாண்டி வெளியேயும் வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் அது பின்னால் வந்து மூடியது. தரையில் வளையம் வளையமாகச் சிறு கூம்புகள் தெரிந்தால் அவற்றை எரிமலை வாய் என்று குறிக்காதீர்கள். சூடான லாவா ஈரமான அல்லது பனி உறைந்த நிலத்தின் மேல் ஓடும்போது நீராவி வெடித்து எழுந்த வேரற்ற கூம்புகளாக அவை இருக்கலாம். அப்படியானால் லாவா வந்த நாளில் மண்ணில் நீர் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

வயதுக் கணக்கிலும் இதே பிழை நுழையும். தரையில் எண்ணிய சிறு பள்ளங்கள் தருவது போர்வையின் வயது. தடத்தின் வயது அல்ல. அதபாஸ்காவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அங்குள்ள சிறு பள்ளங்களில் பெரும்பாலானவை, 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஜூனில் என்ற பள்ளம் உண்டானபோது சிதறிய கற்கள் விழுந்து ஏற்பட்டவை. ஒரே நாளில் விழுந்தவற்றை யுகக்கணக்கில் விழுந்தவையாக எண்ணினால் வயது பல மடங்கு ஏறிவிடும்.

பள்ளத்தை மேடாகப் பார்ப்பது

செவ்வாயைச் சுற்றும் சிடிஎக்ஸ் கேமராவின் படங்களில், வடக்கை மேலே வைத்தால், வெயில் பெரும்பாலும் இடப்பக்கமிருந்து வரும். பக்கத்தில் ஒரு வட்டப் பள்ளத்தைப் பாருங்கள்: இடது உட்சுவர் நிழலில், வலது உட்சுவர் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் அது மேடாகத் தெரிந்தால் கண்தான் ஏமாறுகிறது.

வெள்ளியில் வெளிர் நிறத்தை நம்புவது

மகெல்லன் விண்கலம் எடுத்தவை ரேடார் படங்கள். வெளிர் என்றால் கரடு, கருமை என்றால் வழவழப்பு. நிறம் இல்லை.

இன்றைய சரிவை அன்றைய சரிவாக எடுப்பது

வெள்ளியின் பால்டிஸ் வாலிஸ் சுமார் 6,800 கிலோமீட்டர். சூரியக் குடும்பத்தில் தெரிந்த தடங்களில் மிக நீளமானது. அகலமோ 1 முதல் 3 கிலோமீட்டர்தான். 460 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வகைக் குழம்பு அவ்வளவு தூரம் உறையாமல் ஓடியது என்பதில்தான் விவாதம். உயர அளவுகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் தடம் பல இடங்களில் மேடேறி இறங்கும். குழம்பு மேடேறவில்லை, ஓடி முடிந்த பின் நிலம்தான் மடிந்தது. எனவே அங்கே அளந்த சரிவை வேகக் கணக்கில் போடக்கூடாது.

பள்ளத்தாக்கின் அகலத்தை ஆற்றின் அகலமாக்குவது

செவ்வாயின் நானெடி பள்ளத்தாக்கு ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர் அகலம். அதன் தரையில் தெரியும் உள்தடம் சுமார் 200 மீட்டர்தான். பள்ளத்தாக்கு முழுக்கக் கரைபுரண்டு ஓடியதாக, நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்கும் மானிங் சூத்திரத்தில் போட்டால் அகலத்தில் மட்டும் 12 மடங்கு தவறு. ஆழத்தையும் சேர்த்தால் விடைக்கு அர்த்தமே இல்லை. அதே சூத்திரத்தைச் செவ்வாய்க்கு எடுத்துப்போகும்போது ஈர்ப்பையும் திருத்த வேண்டும்: கிடைத்த வேகத்தை 0.61-ஆல் பெருக்குங்கள். உயரத்துக்கு, செவ்வாயை லேசரால் அளந்த மோலா கருவியின் தரவு மட்டும் இருந்தால் குறுகிய தடங்களை விட்டுவிடுங்கள். நிலநடுக்கோட்டில் அதன் ஒரு பிக்சல் 463 மீட்டர். அளந்த கோடுகளுக்கு நடுவே பல கிலோமீட்டர் இடைவெளியும் உண்டு. இடையில் உள்ளதெல்லாம் கணினி ஊகித்து நிரப்பியது.

நேர்கோட்டை ஓட்டத்தின் வேலை என்பது

மாயாறு முதுமலைக்கு வடக்கே நேராக ஓடுவதற்குக் காரணம் பூமியின் பழைய நொறுங்கு மண்டலம். வழி முன்பே இருந்தது, ஆறு அதில் இறங்கியது. செர்பரஸ் வெடிப்புகளும் நிலம் விரிந்து பிளந்தவையே.

நம் மலைப் பாறையை லாவா என்பது

நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட். கறுப்பாக இருந்தாலும் அது எரிமலை கக்கியது அல்ல. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. தூண்பாறையை லாவாவுக்கு மாதிரியாகப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டாதீர்கள்.

டைட்டனில் ‘தண்ணீர்’ என்று எழுதுவது

சனியின் அந்த நிலாவில் ஓடுவது நீர்ம மீத்தேன். தண்ணீர் அங்கே கல்லாக உறைந்து பாறையாகவே இருக்கிறது.