மின்சாரக் காடியா, ரேஞ்ச் எக்ஸ்டெண்டரா? ஒரு நோட்டுப் புத்தகமும் தெனாகா பில்லும் போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலை செய்கிறவன் நான். விளக்கு மாட்டப் போனாலும் சரி, தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனாலும் சரி, வேலை முடிந்து தேத்தண்ணீர் வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. "தம்பி, மின்சாரக் காடி வாங்கலாமா? எண்ணெயும் ஊத்தலாம், சார்ஜும் போடலாம்னு ஒன்னு சொல்றாங்களே, அது எப்படி?" கடைசியாகக் கேட்பது ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் காடியைப் பற்றித்தான். வீட்டுக்கு வீடு சொல்லி வாய் வலித்துவிட்டது. போன மாதம் என் மச்சானுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதே வழியை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, கடைசியாக வந்த தெனாகா மின்சார பில் இருந்தால் போதும். ஷோரூம் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

முதல் படி: இரண்டு வாரம் மீட்டரை எழுதுங்கள்

தினமும் ராத்திரி காடியை நிறுத்தியதும் கிலோமீட்டரைப் பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். மச்சானுக்கு ஈப்போவில் வேலை. எழுதத் தொடங்குவதற்கு முன், "ஒரு நாளைக்கு 150 ஓடுதுலா" என்று அடித்துச் சொன்னார். நோட்டில் வந்தது 68, 71, 64, 70. கோயிலுக்கும் சந்தைக்கும் போன ஞாயிற்றுக்கிழமை வெறும் 12. கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த சனிக்கிழமை மட்டும் 470. ஒரே நாளில் 150 கிலோமீட்டரைத் தாண்டிய நாட்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள் பின்னால் வேண்டும்.

இரண்டாம் படி: ராத்திரி காடி எங்கே நிற்கிறது?

எல்லாரும் முதலில் ரேஞ்சைக் கேட்கிறார்கள், அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று. நான் முதலில் பிளக்கைக் கேட்பேன்.

தாமான் வீடு, சொந்தப் போர்ச், சுவரில் மூன்று முனை பிளக் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. காடியோடு வரும் சாதாரண சார்ஜிங் கேபிள் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும், அதாவது 2.3 கிலோவாட். ராத்திரி பத்து மணி நேரம் போட்டால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும். 120, 130 கிலோமீட்டர் ஓடலாம். மச்சானின் 70 கிலோமீட்டருக்கு ஐந்தாறு மணி நேரமே போதும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து 7 கிலோவாட் சார்ஜரை முதல் நாளே மாட்ட வேண்டியதில்லை.

ஆனால் பிளக்கைப் பார்க்காமல் போடாதீர்கள். கெட்டில் கொதிப்பது ஐந்து நிமிடம். காடி விடிய விடிய இழுக்கும். போன வருடம் ஒரு வீட்டில் கார் சார்ஜர் அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டார்கள். பிளக்கை உருவினேன். லைவ் முனையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் கொஞ்சம் உருகியிருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்குரூ தளர்ந்து, வயர் நுனி கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. அந்த பிளக்கிலிருந்துதான் ஃபிரிட்ஜுக்கும் வயர் போயிருந்தது. காடிக்கென்று மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடமே கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னும் தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள், காடியை ரோட்டோரம் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள், வாடகை வீட்டில் வீட்டுக்காரர் வயரைத் தொடவிடாதவர்கள்: மூன்றாம் படியை மட்டும் படித்துவிட்டுப் பழைய காடியையே வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: 100 கிலோமீட்டருக்கு எவ்வளவு?

பேட்டரி அளவைக் கிலோவாட் அவர் என்று போட்டிருப்பார்கள். மிரள வேண்டாம், தெனாகா பில்லில் வரும் அதே யூனிட்தான்.

2025 ஜூலையில் வந்த புதிய கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு எரிசக்தி 27.03 காசு, கொள்ளளவு 4.55, கட்டமைப்பு 12.85. மொத்தம் யூனிட்டுக்கு 44.43 காசு. சின்ன மின்சாரக் காடி 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் தின்னும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 16.5 என்று வையுங்கள். 7 வெள்ளி 30 காசு.

பெட்ரோல் காடி 6 லிட்டர் குடிக்கிறது என்று வைப்போம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தில் மைகார்டு காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஆக, 11 வெள்ளி 94 காசு.

நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி என்ற வேக சார்ஜரில் யூனிட் 1 வெள்ளி 40 காசு என்று வைத்தால்? 15 யூனிட்டுக்கே 21 வெள்ளி! மானிய எண்ணெயைவிட இது கூட. வீட்டில் பிளக் இல்லாதவர் மின்சாரக் காடி வாங்கினால் மிச்சம் பிடிக்க முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மச்சான் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓட்டுகிறார். எல்லாம் வீட்டு சார்ஜ் என்றாலும் மிச்சம் 80 வெள்ளி சொச்சம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. உங்கள் வீடு இப்போது 400 யூனிட் என்றால், காடி வந்ததும் 600-ஐத் தாண்டும். தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், மிஞ்சிய யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. குறைவாகப் பயன்படுத்துவோருக்குத் தரும் தள்ளுபடியும் சுருங்கும். நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறி ராத்திரி 10 மணிக்குமேல் போட்டால் இரண்டரைக் காசுதான் குறையும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நான்காம் படி: விலைப் பட்டியலில் பேட்டரியைத் தேடுங்கள்

மின்சாரக் காடியின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். 2025 அக்டோபரில் புரோட்டோன் இமாஸ் 5 வந்தபோது அறிவித்த விலையைப் பாருங்கள். 30 யூனிட் பேட்டரிக்கு 59,800 வெள்ளி, 40 யூனிட்டுக்கு 72,800. இருக்கை, சக்கரம் எல்லாம் கொஞ்சம் மாறும் என்றாலும், 10 யூனிட் கூடினதும் 13,000 ஏறிவிட்டது.

அப்புறம் பெரோடுவா கியூவி-இ. 2025 டிசம்பரில் 80,000 வெள்ளி என்று வெளியிட்டார்கள். அது பேட்டரி இல்லாத விலை. பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி, 9 வருடம். 275-ஐ 108-ஆல் பெருக்கினால் 29,700. இரண்டையும் கூட்டினால் 109,700. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் 80,000 என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது. தோட்டத்து ஜனங்கள் பத்து பத்து வெள்ளியாகக் கட்டி, முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தோட்டங்களையே வாங்கினார்கள். தவணைக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? மாதத் தவணையைக் கேட்காதீர்கள். கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். முழுதாக இறக்குமதி செய்த மின்சாரக் காடிக்கான வரி விலக்கு 2025-உடன் முடிந்தது; பாகங்களைச் சேர்த்து உள்ளூரில் பூட்டியதற்கு 2027 முடியும் வரை உண்டு. அதனால் எங்கே பூட்டியது என்று கேளுங்கள். பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருடம், கடன் 9 வருடம். கடைசி வருடம் உங்கள் தலையில்.

ரேஞ்ச் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 225 கிலோமீட்டர் என்றால், ஏர்கோனைப் போட்டு நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது 180 என்று வையுங்கள். கடைசிச் சொட்டுவரை ஓட்டமாட்டோம், ஆக 150. முதல் படியில் 150-இல் கோடு போட்டதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்றால் என்ன?

கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஜென்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். தேரில் எரியும் விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இந்தக் காடியும் அப்படித்தான். சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் மின்மோட்டார். பேட்டரி இறங்கினதும் சின்ன பெட்ரோல் என்ஜின் எழுந்து மின்சாரம் தயாரிக்கும், சக்கரத்தைத் தொடாது. வேகம் கூடிக் குறைந்து அலையாமல் தனக்கு வசதியான சுற்றிலேயே ஓடுவதால் எண்ணெய் வீணாவதும் குறைவு.

லீப்மோட்டார் சி10 நல்ல உதாரணம். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வகையில் 28.4 யூனிட் பேட்டரி, 1.5 லிட்டர் என்ஜின், 50 லிட்டர் டாங்கி. சார்ஜில் 145 கிலோமீட்டர், எண்ணெயும் சேர்ந்தால் 900-க்கு மேல். பிரிட்டனில் இதையும், 69.9 யூனிட் பேட்டரி உள்ள முழு மின்சார சி10-ஐயும் ஒரே விலைக்கு, 36,500 பவுண்டுக்கு, கொண்டுவந்தார்கள். பாதிக்கும் குறைவான பேட்டரி, விலை மட்டும் குறையவில்லை. பேட்டரியில் மிச்சமான காசை என்ஜினும் ஜெனரேட்டரும் டாங்கியும் தின்றுவிடுகின்றன. "இது மலிவு" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதன் லாபம் விலையில் இல்லை, தீபாவளிக்கு முதல் நாள் தாப்பா ஓய்விடத்தில் சார்ஜருக்கு வரிசையில் நிற்காமல் போவதில்தான்.

ஜென்செட்டின் குறையும் இதற்கு உண்டு. பாட்டுக் கச்சேரிக்குப் பெரிய ஒலிபெருக்கியைப் போட்டதும் விளக்கு மங்குமே, அதுபோல. பேட்டரி காலியான நிலையில் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஆளும் மூட்டையுமாக ஏறினால், சின்ன என்ஜின் தயாரிப்பது மோட்டாருக்குப் பற்றாது. 647 சிசி என்ஜின் வைத்த பிஎம்டபிள்யூ ஐ3 ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மேட்டில் வேகம் குறைகிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். மலை வருவதற்கு முன்பே பேட்டரியைச் சேமித்து வைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் எண்ணெயிலேயே ஓட்டினாலும் பெரிய மிச்சம் இல்லை. என்ஜினில் பிறந்த சக்தி மின்சாரமாக மாறி மறுபடி சுழற்சியாக மாறும்போது வழியில் கொஞ்சம் சிந்துகிறது. என்ஜின் ஆயிலும் சர்வீஸும் பழையபடியே உண்டு.

ஒரு ஷோரூமில் விற்பனையாளர் எல்லாவற்றையும் "ஹைப்ரிட், அண்ணே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். என்ஜின் சக்கரத்தைச் சுற்றுமா? சுற்றினால் அது பிளக்-இன் ஹைப்ரிட் அல்லது சாதாரண ஹைப்ரிட். வெளியிலிருந்து சார்ஜ் போடலாமா? நிசானின் இ-பவரில் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும், ஆனால் பிளக் கிடையாது. எல்லா மின்சாரமும் எண்ணெயிலிருந்தே வரும். பேட்டரி எத்தனை யூனிட்? உங்கள் ஒரு நாள் ஓட்டத்துக்கு அது காணாவிட்டால் தினமும் எண்ணெய்தான்.

ஆறாம் படி: வட்டங்களை எண்ணுங்கள்

பிளக் உண்டு, மாதத்தில் சிவப்பு வட்டம் ஒன்றோ இரண்டோ என்றால் சின்ன மின்சாரக் காடி. பிளக் உண்டு, வாரா வாரம் கோலாலம்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ ஓட்டம், வீட்டில் ஒரே காடி என்றால் ரேஞ்ச் எக்ஸ்டெண்டருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

மச்சானின் நோட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரே வட்டம். அவர் வீட்டில் சாகா என்ற பழைய பெட்ரோல் காடி ஒன்று தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. "அதை வித்துட்டா முன்பணம் ஆகும்ல?" என்று கேட்டார். விற்காதே, கல்யாணத்துக்குப் போக அதுதான் உனக்கு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்றேன். இமாஸ் 5-க்குப் பதிந்துவிட்டு வந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் சாகாவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் உறுமவிடுகிறார். போர்ச்சில் நான் இழுத்துவிட்ட புது வயர் காடிக்காகக் காத்திருக்கிறது.