மெரினாவில் கால் நனைக்கும் முன்: சென்னைக் கடற்கரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக் கடற்கரைக்கு வருவோர் செய்யும் தவறுகளுள் மிகக் கொடியது, முழங்கால் அளவு நீர்தானே என்று எண்ணி அலைக்குள் இறங்குவது. மெரினாவில் குளிக்கக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரிவதில்லை. அங்கே கரை சட்டென்று சரிந்து இறங்குவதால், திரும்பும் அலை குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டே போகிறது. அசையாமல் நின்றாலே பாதம் புதைந்து உடல் சாய்வதை உணரலாம். அந்த நேரத்தில் அடுத்த அலை மோதினால் நீச்சல் தெரிந்தவரும் நிலை தடுமாறுவார்.

இதைவிட ஏமாற்றுவது, அலைகள் உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடைவெளி. கரையில் சேர்ந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுவாகவே இருக்க, குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்று கருதிப் பெற்றோர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்கிவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

காப்பாற்றும் பதற்றத்தில் பின்னாலேயே குதிப்பதும் தவறே. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், 1930இல் பிறரைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவர் கார்ல் ஷ்மிட்டுக்காக எழுப்பப்பட்டது; அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தமே. காலிக் குடமோ கயிறோ, கைக்குக் கிடைத்ததை வீசிவிட்டு, அருகிலுள்ள மீனவர்களையும் காவலரையும் கூவி அழைக்க வேண்டும்.

வடக்கே இராயபுரம், காசிமேடு பக்கம் ஆபத்து வேறு வகையானது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது. அதே காரணத்தால் வடக்குக் கரை அரிக்கப்பட்டு, அங்கே கற்கள் கொட்டப்பட்டன. பாசி படிந்த அந்தக் கற்களில் ஏறக்கூடாது.

கோடையில் நண்பகலுக்குப் போவதும் வீண். கடற்காற்று ஏறும்வரை மணலில் கால் வைக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் நடப்பவர்களோ டார்ச்சையும் கைப்பேசி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம், குஞ்சுகளோ கடலை விட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்துவிடும். ஆமை தென்பட்டால், அது கடலுக்குத் திரும்பும்வரை பின்புறமாகத் தள்ளி நின்று பார்க்கலாம்.